தட்டு வராத வீடு

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் கருடன் சிலைக்கு முன்னால் அக்காவும் மாமாவும் நிற்கிற படத்தை முனிகிருஷ்ணன் வாட்ஸப் ஸ்டேட்டஸில்தான் பார்த்தான். அக்கா சுந்தரியின் கையில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம். எல்லாவற்றுக்கும் மேலே நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. பக்கத்தில் மாமா ரங்கையா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவர்கள் மகள் ஹர்ஷினிக்குக் கல்யாணம். நாகலாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, முதல் பத்திரிகையை மலைமேல் பெருமாளுக்கு வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்தில் பெருமாளுக்கு அடுத்த பத்திரிகை பெண்ணின் தாய்மாமனுக்கு. அதையும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தட்டோடு அவன் வீட்டுக்குப் போய், 'நீ முன்னால நின்னு நடத்தணும்' என்று வாயைத் திறந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படி அழைக்கப்பட்டவன்தான் கல்யாணத்தன்று பெண்ணை மூங்கில் கூடையில் உட்காரவைத்து மேடைக்குத் தூக்கி வருவான். தட்டு வராமல் போகிற தாய்மாமனுக்கும் வழியில் பசித்துப் பந்தியில் நுழைந்தவனுக்கும் வித்தியாசம் இல்லை என்பது அவர்கள் பக்கத்துக் கணக்கு. ஹர்ஷினிக்கு இருப்பது ஒரே தாய்மாமன், முனிகிருஷ்ணன்.

அலிபிரியிலிருந்து அவன் குடியிருக்கும் கொர்லகுண்டாவுக்கு ஆட்டோவில் வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நேராக இங்கேதான் வருவார்கள் என்று முனிகிருஷ்ணன் எழுந்தான். தரையில் கிடந்த ஒயர்களைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பால் வாங்கி வந்தான். தட்டோடு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அக்காவுக்கு ஒரு ரவிக்கைத் துணியும் மாமாவுக்கு ஒரு வேட்டியும் வாங்கினான். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. கீழே வீட்டுக்காரம்மா பத்மாவதியிடம் போய் இன்னும் ஒன்று கேட்டு வாங்கி வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தள்ளி நின்று பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் போனது. பால் இரண்டாம் தடவை காய்ந்து ஆடை கட்டியது. மாடிப்படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கதவுவரை போனான். பொழுது சாய்கிற நேரத்தில் போன் ஒருமுறை முனகியது. அக்காவின் எண்ணிலிருந்து ஒரு வீடியோ. பூ உதிர்கிறது, மேளம் கேட்கிறது, எழுத்துகள் சுழன்று சுழன்று வந்து நிற்கின்றன: மணமகள் ஹர்ஷினி. கடைசியில் ஒரு வரி, 'தாய்மாமன்: முனிகிருஷ்ணன், திருப்பதி.' அடுத்த நிமிடமே அதே வீடியோ குடும்பக் குரூப்பிலும் வந்தது. நாகலாபுரத்தில் அக்கா வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார்; முதல் ஆளாகக் கைகூப்பும் படம் போட்டவரும் அவர்தான்.

மறுநாள் காலையில் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கும்போது பத்மாவதி தெலுங்கில் கேட்டாள், "ஏமண்டி, சுட்டாலு ஒச்சாரா?"

"ஒச்சேசி வெள்ளிபோயாரு," என்றான் முனிகிருஷ்ணன். சொந்தக்காரர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்களாம். வராதவர்களை வந்ததாகச் சொல்ல அவனுக்கு நாக்கு கூசத்தான் செய்தது, ஆனால் வேறென்ன சொல்வான்?

இந்த முனிகிருஷ்ணனைச் சித்தூர், திருப்பதி ஜில்லாக்களில் தெரியாதவர்கள்தான் எல்லாரும். ஆனால் அவனுடைய 'போன் கபுர்லு' தெரியாதவர்கள் குறைவு. கபுர்லு என்றால் தெலுங்கில் சேதி, ஊர்ப்பேச்சு. போனைப் பற்றி, வாட்ஸப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பற்றித் தினமும் சேதி போடுகிற இணையதளம் அது. புது போன் எது வாங்கலாம், அழிந்த போட்டோவை எப்படி மீட்கலாம், இந்த லிங்கைத் தொட்டால் பேங்க் கணக்கு காலியாகுமா என்றெல்லாம் குப்பம் ஊர்க் கிரானைட் குவாரியில் வேலை செய்கிறவனும் படிப்பான், திருப்பதி யூனிவர்சிட்டி ஹாஸ்டல் பெண்ணும் படிப்பாள்.

அவன் பிறந்தது நாகலாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் சொந்தமாக ஒரு துண்டு நிலம் பார்த்தார்கள். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் எழுத்து தெலுங்கு. சுந்தரி நான்காவதோடு நின்று நாற்று நடப் போனாள். தம்பி சித்தூரில் டிகிரி படித்தான். அக்கா போகாத பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துத் தான் போனதாக அவனுக்கு ஒரு நினைப்பு உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை.

டிகிரி முடிந்ததும் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்தான். அப்ளிகேஷன் போட வருகிறவர்களைவிட, 'சார், என் போன்ல படமெல்லாம் காணாம போயிடுச்சு' என்று வருகிறவர்கள் அதிகம். ஒரே கேள்விக்கு ஒரே பதிலை ஒரு நாளில் எத்தனை முறைதான் சொல்வது? பதிலைத் தெலுங்கில் எழுதி ஒரு பிளாக்கில் போட்டான். யாராவது கேட்டால், 'அதுல கீது, பாத்துக்கோ' என்று காட்டிவிடுவான். வாய் வலிக்காமலிருக்கத் தொடங்கிய வேலை அது. மனுஷரோடு பேச்சைக் குறைக்கத் தொடங்கியது கடைசியில் பேச்சே இல்லாத வாழ்க்கையில்தான் கொண்டுபோய் விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இலவச நெட்டோடு சிம் வந்த வருஷம், மாடு மேய்க்கிறவர் கைக்கும் பெரிய போன் வந்தது. போன் வந்த வேகத்தில் பொய்யும் வந்தது. 'பத்து பேருக்கு அனுப்பாவிட்டால் சனிக்கிழமை முதல் வாட்ஸப்புக்குக் காசு' என்று ஊரே அலறியபோது, அது புளுகு என்று பொறுமையாக எழுதியவன் முனிகிருஷ்ணன். ஜனங்கள் அவனைத் தேடி வந்து படித்தார்கள். சித்தூர் அறையைக் காலி செய்துவிட்டுத் திருப்பதிக்கு வந்தான். சின்னச் சின்ன வீடியோ போடுகிற ஆப்புக்குத் தடை வந்த நாளில், இனி ஆடுவதும் பாடுவதும் எங்கே என்று கேட்டு வந்தவர்களுக்கு வழி சொல்லியே தளம் இரண்டு மடங்கானது.

கடை வளர்ந்தால் கூட்டம் தெரியும், கூச்சல் கேட்கும். இணையதளம் வளர்ந்தால் ஒரு சத்தமும் வராது. திரையில் ஓர் எண் ஏறும், அவ்வளவுதான். இந்த நிமிடத்தில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டுகிற அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் அவன் சாப்பிடுவான். அவனிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள், மூவரும் அவரவர் ஊரிலிருந்து. குப்பத்திலிருந்து எழுதுகிற கல்பனாவின் குரலைக்கூட அவன் சரியாகக் கேட்டதில்லை. 'ஓகே சார்' என்று வரும், இவன் கட்டைவிரல் படம் அனுப்புவான். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள் போல.

அம்மா இருந்தவரை பெண் பார்த்தார்கள். பெண் வீட்டில், 'மாப்பிள்ளை இன்னா பண்றாரு?' என்பார்கள். 'வெப்சைட் வச்சிருக்கான்' என்பாள் அம்மா. 'கடை எங்க?' 'கடை இல்ல.' 'அப்ப ஆபீஸ்?' 'வூட்லதான்.' பெண்ணின் தகப்பன் காபியை வேகமாகக் குடித்து முடித்துவிடுவான். அம்மா போன பிறகு காபி குடிக்கவும் யாரும் கூப்பிடவில்லை. நாற்பதைத் தாண்டியவனுக்குச் சொந்தம் என்று மிஞ்சியது அக்கா வீடு ஒன்றுதான்.

தளத்தைத் தூக்கி நிறுத்திய கட்டுரை ஒன்று உண்டு. கொரோனா நாட்களில் எழுதியது. கல்யாணத்துக்கு ஆள் கூட்டக் கூடாது, பத்திரிகை கொடுக்க ஊர் ஊராகப் போகக் கூடாது என்றிருந்த நேரம். போனிலேயே அழைப்பு வீடியோ செய்து எல்லாருக்கும் ஒரே தட்டில் அனுப்புவது எப்படி என்று எழுதினான். எழுதுகிறவனுக்கு ஒரு கோளாறு உண்டு: கை சூடாகிவிட்டால் மனசைக் கேட்காமல் ஓடும். 'வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், உட்காரவும் நேரமில்லாமல் காபி வேண்டாம் என்று சொல்லி ஓடுகிற கூத்து இனி எதற்கு? என் வீட்டுக்கு யாரும் தட்டோடு வராதீர்கள். போனில் அனுப்புங்கள், அதுவே எனக்கு மரியாதை' என்று முடித்துவிட்டான்.

சும்மா விடுவார்களா ஜனங்கள்? கூட்டம் தாங்காமல் அன்றைக்குத் தளமே படுத்துக்கொண்டது. சித்தூரில் பத்திரிகை அச்சடிக்கிற முதலாளி ஒருவர் போன் செய்து, 'எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?' என்று திட்டினார். விளம்பரக்காரர்கள் தாமாகத் தேடி வந்தது அதற்கப்புறம்தான். முனிகிருஷ்ணன் அடுத்த வாரமே அடுத்த சமாசாரத்துக்குப் போய்விட்டான். அந்தக் கட்டுரை என்றால் அவனுக்கு ஞாபகம் இருப்பது படிப்பவர் கணக்கில் செங்குத்தாக ஏறிய கோடு மட்டும். உள்ளே என்ன எழுதினோம் என்பதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வீடியோ வந்த இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"முனி, வீடியோ பாத்தியா? நல்லா கீதா? ஹர்ஷினியே பண்ணா. உனக்குப் புடிக்கும்னு பாத்துப் பாத்து பண்ணா."

"நல்லா கீது."

"பெரிய கூடையா சொல்லி வச்சிருக்குது. இவ வேற குண்டாயிட்டா, உன்னால தூக்க முடியுமான்னு உங்க மாமா கேலி பண்ணிகினு இருக்காரு. முன்னாடி நாளே வந்துடு."

பெருமாள் வரைக்கும் வந்தீர்களே, என் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டியதுதானே? தொண்டைவரை வந்தது. ஆனால் கேட்டு வாங்குகிற தட்டுக்கு என்ன மதிப்பு? இப்போது கேட்டால் நாளைக்கே ஓடிவருவாள். அது அழைப்பாக இருக்காது, சமாதானமாக இருக்கும்.

"பாக்கலாம். வேலை கீது," என்றான்.

"வேலைன்னா சரி, இன்னா பண்றது," என்றாள் அக்கா. போனை அவள்தான் முதலில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். இன்னும் நாள் இருக்கிறது, வருவார்கள் என்று தினமும் பால் கூடுதலாக வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை வெளியே போகாமல் கிடந்தான். அக்காவுக்குச் செய்தி எழுதுவான், அழிப்பான், மறுபடி எழுதுவான். அனுப்பின செய்தியை எதிராளி பார்ப்பதற்குள் அழிப்பது எப்படி என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவன், அனுப்பவே தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தான். திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. இத்தனை ஆயிரம் பேரில் ஒருத்தருக்குக்கூட என்னைத் தெரியாதே என்று ஒரு மத்தியானம் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

போவதில்லை என்று முடிவு கட்டினான். அப்படி முடிவு கட்டின மனுஷன் கல்யாணத்தன்று விடியற்காலையில் எதற்குக் குளித்தான், எதற்குப் பட்டுக்கரை வேட்டி கட்டினான் என்று கேட்டால் பதில் கிடையாது. வேட்டியைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். குடும்பக் குரூப்பில் ஒரு லிங்க் வந்து விழுந்தது. வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கக் கல்யாணத்தின் நேரலை. திறந்தான். மண்டபத்து வாசலில் வாழை மரம் கட்டுகிறார்கள். அக்கா அரக்குப் புடவையில் குறுக்கே போகிறாள், வாசலைப் பார்க்கிறாள், உள்ளே போகிறாள், திரும்ப வந்து வாசலைப் பார்க்கிறாள்.

அவ்வளவுதான். ஹர்ஷினிக்கு என்று முன்பே எடுத்து வைத்திருந்த பட்டுப் புடவையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினான்.

நாகலாபுரம் வழியாகச் சத்தியவேடு போகிற பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஓடி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டான். புத்தூர் வருகிறவரை மாப்பிள்ளைப் பக்கத்துச் சடங்குகள் ஓடின. புத்தூரில் டிரைவர் சாவகாசமாக இறங்கி டீக்கடைப் பக்கம் போனார். முனிகிருஷ்ணன் எழுந்து போய்க் கண்டக்டரிடம், "கொஞ்சம் சீக்கிரம் எடுக்கச் சொல்லுப்பா, முகூர்த்தத்துக்குப் போணும்," என்றான்.

"முகூர்த்தத்துக்குப் போறவரு முன்னாடி பஸ்சுல வரணும் சார்," என்றான் கண்டக்டர். அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை.

நாராயணவனம் தாண்டும்போது திரையில் ஐயர் தெலுங்கில் குரல் கொடுத்தார். "மேனமாமா எக்கட? பெள்ளிகூத்துர்ன தீஸ்குரண்டி!" பெண்ணின் தாய்மாமன் எங்கே, பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்று. மணமகள் அறை வாசலில் மஞ்சள் பூசிய புதுக் கூடை காலியாக இருந்தது. ஹர்ஷினி தலை குனிந்து அதன் பக்கத்தில் நின்றாள். அக்கா ஐயரிடம் கையைக் காட்டிக் கெஞ்சுவது தெரிந்தது. மேளத்தில் பேச்சு கேட்கவில்லை. முனிகிருஷ்ணன் அவள் எண்ணுக்குப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமாவுக்குப் போட்டான். திரையில் மாமா தோளில் துண்டோடு நிற்கிறார், சட்டைப்பையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரலைக்குக் கீழே, 'வந்துகொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்' என்று எழுதினான். யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டது. மண்டபத்தில் அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

ஐயர் மறுபடி குரல் கொடுத்தார். முனிகிருஷ்ணனின் பெரியப்பா மகன் சிட்டிபாபு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அக்கா இன்னொரு தடவை வாசலைப் பார்த்தாள். பிறகு அவளே கூடையை நகர்த்தி வைத்து, மகளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். சிட்டிபாபு இன்னொருவன் துணையோடு தூக்கினான். பிச்சாட்டூருக்கு முன்னால் சிக்னல் போய், அந்தப் படம் அப்படியே உறைந்து நின்றது. நாகலாபுரம் வருகிறவரை அவன் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான்.

மண்டபத்தில் இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தது மாமா.

"வாய்யா வா. இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்றார் ரங்கையா.

அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. "பெருமாளுக்கு ஏழு மலை ஏறிப் போயி வச்சீங்க. என் வூட்டு மாடிப்படி ஏற முடியலியா மாமா? நானும் நாற்காலி போட்டு வச்சுகினு ஒக்காந்து இருந்தேன், தெரியுமா?" பந்தியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ரங்கையா திகைத்துப் போனார். "நான் போலாம்னுதான்யா சொன்னேன். உங்க அக்காவையே கேளு."

அக்கா அதற்குள் வந்துவிட்டாள். முகத்தில் காலையிலிருந்து நின்ற களைப்பு. "நீதானடா வராதீங்கன்ன," என்றாள்.

"நான் எப்பக்கா சொன்னேன்?"

"கொரோனா சமயத்துல எழுதினியே. என் வூட்டுக்கு யாரும் தட்டு தூக்கினு வராதீங்க, போன்ல அனுப்புங்க, அதான் எனக்கு மரியாதைன்னு. ஹர்ஷினி படிச்சுத் தமிழ்ல சொன்னா. நான் அன்னைக்கே மனசுல வச்சுகினேன். உன் தெரு முனையில ஆட்டோ நின்னுது முனி. தட்டுல உனக்குன்னு இன்னொரு பத்திரிகை மஞ்ச தடவி வச்சிருந்தேன், மனசு கேக்காம. எறங்கலாம்னாரு இவரு. வேணாம், அவனுக்குப் புடிக்காதுன்னு நான்தான் போவச் சொல்லிட்டேன்."

முனிகிருஷ்ணன் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "அது சும்மா எழுதறதுதான்க்கா. படிக்கறவங்களுக்காக எழுதறது. அதப் போயி நீ..."

"நானுந்தானடா படிக்கறேன். தெனம் அவ படிச்சுச் சொல்லுவா, நான் வேல செஞ்சுகினே கேப்பேன். ஒண்ணு உட்டதில்ல. பேட்டரி ஊதிக்கினா இன்னா பண்ணணும், பாஸ்வேர்டு எப்பிடி மாத்தணும், எல்லாம் தெரியும் எனக்கு." அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதெல்லாம் எனக்கு எதுக்கு? நீ பேசறத நான் வேற எதுல கேக்கறது? நீதான் போனே பண்ண மாட்டியே."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.